உக்காந்து சாப்பிடணும்

விருதுநகர் பேருந்து நிலையத்திலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு புரோட்டாக் கடை இருந்தது. கடை என்று பெயர்தானே தவிர, உள்ளே மேசை நாற்காலி, மின்விசிறி, கல்லாவுக்குப் பின்னால் ஆளுயரக் கண்ணாடி எல்லாம் உண்டு. நானும் கூட வேலை பார்த்த அக்காவும் முதன்முதலாக அங்கே நுழைந்தபோது கல்லாவில் இருந்தவர் எழுந்தே விட்டார்.

"ஃபேமிலி ரூம் அங்கன இருக்குதும்மா" என்று பின்பக்கம் ஒரு தட்டியைக் காட்டினார். தட்டிக்குப் பின்னால் அழுக்கு பல்பு ஒன்றும், அடுக்கி வைத்த சோடாப் பெட்டிகளும் தெரிந்தன. அக்கா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. நடு ஹாலில் மின்விசிறிக்கு நேர் கீழே கிடந்த மேசைக்குப் போய் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எனக்குத்தான் கால் கூசியது. ஹால் முழுக்க ஆண்கள். வத்தல் மண்டியில் மூட்டை இறக்கிவிட்டு வந்தவர்கள், லாரிக்காரர்கள், வெள்ளை வேட்டி வியாபாரிகள். எல்லோரும் ஒரு வாய் நிறுத்தி எங்களைப் பார்த்துவிட்டு மறுபடி இலைக்குக் குனிந்தார்கள்.

சப்ளையர் எங்களைத் தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டிருந்தான். அக்கா கையைக் காட்டிக் கூப்பிட்டார்.

"ஆள் வரட்டும்க்கா. வந்ததும் ஆர்டர் எடுத்துக்கிடுறேன்."

"எந்த ஆளு?"

"உங்க கூட வந்தவுக."

"தம்பி, கூட யாரும் வரலை. நாங்கதான் ஆளு. இலையப் போடு."

அவன் இலை போட்டான். அக்கா தண்ணீர் தெளித்து, இலையை நிதானமாகத் துடைத்துவிட்டு, என்னைப் பார்த்துச் சிரித்தார். பெரிய சிரிப்பு அவருக்கு. மேல்வரிசையில் ஒரு பல் மற்றொன்றின் மேல் ஏறியிருக்கும். சிரித்தால் அது முதலில் தெரியும்.

சிவகாசியில் ஒரு அச்சகத்தில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். நான் கம்ப்யூட்டரில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் வடிவமைப்பேன். அக்கா பைண்டிங் பகுதியில் காலண்டர்களுக்குத் தகரப்பட்டை அடிப்பார். செல்போன் எல்லார் கைக்கும் வந்திராத காலம். எனக்கு வீடு விருதுநகரில். தினமும் பேருந்தில் போய்வருவேன். அவருக்கு வீடு விஸ்வநத்தத்தில். என்னைவிட நன்றாக மூத்தவர். பிள்ளை இல்லை. புருஷன், மாமியார், அவர், மூன்றே பேர்.

அவரைப் பற்றி ஒரே ஒரு விஷயம் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்: அவருக்கு உட்கார்ந்து சாப்பிட வேண்டும். இதென்ன பெரிய ஆசை என்று தோன்றலாம். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. அம்மா போட்ட சோற்றைத் தின்று வளர்ந்தவளுக்கு அப்படித்தானே தோன்றும்.

"விடியுமுன்ன எந்திரிச்சு பொங்கி இறக்குவேன். அவுகளுக்குத் தூக்குவாளியில போட்டுக் குடுத்து, அத்தைக்குக் கும்பாவுல ஊத்தி வச்சு, சட்டியில ஒட்டுனத வழிச்சு நின்னமேனிக்கே வாயில போட்டுக்கிட்டு ஓடி வாரேன். இங்கன வந்தா மணி அடிக்கிறதுக்குள்ள முழுங்கணும். ராத்திரி எல்லாரும் சாப்பிட்டு எந்திரிச்ச பெறகு அடுப்படியிலயே முடிஞ்சிரும். எங்க கல்யாணப் பந்தியில உக்காந்தேன் புள்ள. அன்னைக்குப் போட்டாக இலை. அதுக்குப் பெறகு எனக்குன்னு யாரும் இலை போடலை."

குறையாகச் சொல்லவில்லை. பஸ் வரவில்லை என்பதுபோலச் சொன்னார். அதன் பிறகுதான் மாதத்தில் ஒரு சனிக்கிழமை இருவரும் வெளியே சாப்பிடுவது என்று பேசி வைத்தோம். சிவகாசியில் சாப்பிட்டால் நம்ம கம்பெனி ஆளே எதிர் மேசையில் இருப்பான் என்று அக்கா சொன்னதால் விருதுநகருக்குப் பேருந்து ஏறினோம்.

அவர் சாப்பிடுவதைப் பார்க்க வேண்டும். எண்ணெயில் பொரித்த புரோட்டாவைப் பிய்க்காமல் முதலில் விரலால் தட்டிப் பார்ப்பார். மொறுமொறுவென்று சத்தம் வந்தால் தலையை ஆட்டுவார். சால்னாவை அவரே ஊற்ற மாட்டார். வாளி மேசையிலேயே இருந்தாலும் சப்ளையரைக் கூப்பிடுவார். "நீங்களே ஊத்திக்கிடலாமேக்கா" என்று அவன் ஒருநாள் சலித்துக்கொண்டான். "ஊத்துறதுக்கு எனக்கு வீட்டுல கை இருக்கு தம்பி. இங்கன ஒன் கையாலதான் ஊத்தணும்" என்றார். அவன் சிரித்துவிட்டான். அதற்கப்புறம் நாங்கள் வாசலில் தெரிந்தாலே மின்விசிறிக்குக் கீழே இருப்பவர்களைச் சீக்கிரம் எழுப்பிவிடப் பார்ப்பான்.

எவ்வளவு நேரமானாலும் அவசரப்பட மாட்டார். ஒவ்வொரு வாய்க்கும் நடுவில் பேச்சு. காலண்டர் சாமி படத்தில் ஒரு கண் சின்னதாக அச்சானது, போர்மேனின் புது மீசை, மாமியாரின் முட்டிவலி என்று எல்லாவற்றையும் பேசுவார். பஸ் போய்விடும் என்று நான் தவித்தால், "அடுத்த வண்டி இல்லாமயா போயிரும்?" என்பார்.

அவர் இப்போது இல்லை. கல்யாணமாகி நான் கோயம்புத்தூரில் இருந்தபோது மஞ்சள் காமாலையில் போனார். பழைய அச்சகத்து சிநேகிதி ஒருத்தி போனில் சொன்னபோது காரியமெல்லாம் முடிந்திருந்தது. போனை வைத்துவிட்டு அடுப்படியில் நின்றுகொண்டே இருந்தேன். அவர் முகம் உடனே நினைவுக்கு வரவில்லை. இலையைத் துடைக்கும் அந்தக் கைதான் வந்தது.

அவருடைய புருஷனைப் பற்றிச் சொல்லாமல் அக்காவைச் சொல்ல முடியாது. நாரணாபுரத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அவருக்கு வேலை. மத்தாப்பு, பூச்சட்டிக்கு மருந்து கலக்கும் அறை. அலுமினியப் பொடி படிந்து படிந்து கை இரண்டும் வெள்ளி முலாம் பூசியதுபோல மினுங்கும். எண்ணெய் தேய்த்துக் குளித்தாலும் நகக்கண்ணிலும் காது மடிப்பிலும் அது போகாது. மெதுவாகப் பேசுகிற மனுஷன். நான் ஒருமுறை வீட்டுக்குப் போனபோது, "வாங்க தங்கச்சி, இருங்க" என்றவர் கையைத் துண்டுக்குள் சுற்றிக்கொண்டார்.

எங்கள் சனிக்கிழமை ரகசியம் ரொம்ப நாள் தாங்கவில்லை. விருதுநகர் மண்டிக்கு வந்த விஸ்வநத்தத்துக்காரர் யாரோ பார்த்துவிட்டுப் போய் மாமியாரிடம் சொல்லிவிட்டார். மாமியார் தெருவுக்கே கேட்கும்படி கத்தினாராம். "குடும்பத்துப் பொம்பளை ஆம்பளைகளுக்கு நடுவுல உக்காந்து திங்கிறதா?" அன்று சாயங்காலம் வேலை முடிந்து வந்த புருஷன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கை கால் கழுவிவிட்டு, அக்காவிடம் கேட்டது ஒன்றே ஒன்று.

"நல்லா இருந்துச்சா?"

இதை என்னிடம் சொல்லும்போது அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "வேற எவனா இருந்தாலும் செவுட்டுல வச்சிருப்பான். இவுக நல்லா இருந்துச்சாங்கிறாக."

அடுத்த மாதம் கிளம்பும்போது, "வரும்போது எனக்கும் ஒரு பொட்டலம் கட்டிட்டு வா" என்று அவர் சொல்லியிருக்கிறார். அக்கா மாட்டேன் என்றுவிட்டார். எனக்கே அது கொஞ்சம் கடுமையாகப் பட்டது. என் வீட்டுக்கு நானே பொட்டலம் வாங்கிப் போகிறவள்.

"பாவம்க்கா, ஆசைப்பட்டுக் கேட்டிருக்காக."

"ஆசைப்பட்டா வரட்டும். வந்து உக்காரட்டும். அவுக மட்டும் என்ன, அந்தக் கம்பெனியில மரத்தடியில குத்தவச்சு முழுங்கிட்டு ஓடுறவுகதான. அவுகளுக்கும் ஒருத்தன் இலை போட்டு என்ன வேணும்னு கேக்கணும்."

தன் கையைப் பார்த்து எல்லோரும் முறைப்பார்கள் என்பது புருஷனுடைய பயம். அதனால் பல மாதம் தட்டிக் கழித்தார். கடைசியில் சீசன் வேலை மும்முரமாவதற்கு முன்னால் ஒரு சனிக்கிழமை வந்தேவிட்டார். சலவைச் சட்டை, தலையில் படியப் படிய எண்ணெய். உட்கார்ந்ததும் இரண்டு கையையும் மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டார். சப்ளையர் தண்ணீர் வைத்தான். எடுக்கவில்லை. இலை போட்டான். துடைக்கவில்லை.

"கைய மேல வையிங்க. களவாண்ட கையா அது?" என்றார் அக்கா.

பக்கத்து மேசையில் ஒருவர் பார்க்கத்தான் செய்தார். அக்கா அவரைத் திருப்பிப் பார்த்தார். அவர் தன் ஆம்லெட்டுக்குத் திரும்பிவிட்டார். அந்த மினுங்குகிற கை மெல்ல மேலே வந்து இலையைத் தொட்டது. முதல் புரோட்டாவுக்கே "போதும் போதும்" என்று தடுத்தார். சப்ளையர் விடவில்லை. "அண்ணே, சுக்கா சூடா இறங்கியிருக்கு, கொண்டாரவா?" என்று கேட்டதும் அவர் முகம் மாறிப்போனது. யாரோ தன்னிடம் ஏதோ பெரிய யோசனை கேட்டதுபோல அக்காவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு, "கொண்டாங்க" என்றார். அதற்கப்புறம் தலை நிமிராமல் சாப்பிட்டார். நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது.

வெளியே வந்து வெற்றிலை போட்டுக்கொண்டே, "எல்லாருகிட்டயும் இப்படித்தான் கேப்பாகளா தங்கச்சி?" என்றார் என்னிடம்.

"ஆமாண்ணே."

"அடுத்த தடவையும் வாரேன்" என்றார். அக்கா என் கையைக் கிள்ளினார்.

அடுத்த தடவை வரவில்லை. சீசன் வந்துவிட்டது. தீபாவளி லோடு ஏற ஏற ஞாயிற்றுக்கிழமையும் வேலை. ஒருநாள் மதியச் சாப்பாட்டுக்கு மணி அடிக்கப் போகிற நேரம், சத்தம் கேட்டது. சிவகாசியில் இருக்கிறவர்களுக்கு அந்தச் சத்தத்தை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. சோதனைக்கு வெடிக்கிற வெடி வேறு, இது வேறு. கண்ணாடி அதிர்ந்தது. மிஷின்களை நிறுத்திவிட்டு எல்லோரும் மொட்டை மாடிக்கு ஓடினோம். எந்தப் பக்கம் புகை என்றுதான் முதலில் பார்ப்பார்கள். ஒவ்வொரு பெண்ணும் தன் வீட்டு ஆள் வேலை செய்கிற திசையை மனதில் வைத்துக்கொண்டுதான் படி ஏறுவாள். தன் திசை இல்லை என்றால் மூச்சு விடுவாள். உடனே பக்கத்தில் நிற்பவளைப் பார்த்து அந்த மூச்சுக்கே வெட்கப்படுவாள்.

அக்கா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். பிறகு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார்.

"நாரணாபுரந்தான்" என்றார். நானும் போர்மேனும் அவரை வண்டியில் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போனோம்.

அக்கா புருஷனுக்கு உயிர் இருந்தது. மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அக்காவும் மாமியாரும் அங்கேயே கிடந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை லீவு சொல்லிவிட்டு நான் பார்க்கப் போனேன். கட்டுகளுக்கு நடுவே கண்ணும் வாயும் மட்டும் தெரிந்தன. அக்கா கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கன்னம் ஒட்டிப்போய், தலை சீவாமல், எப்போது உட்கார்ந்தார், எப்போது தூங்கினார் என்றே தெரியாத ஒரு முகம். மாமியார் வராந்தாவில் முந்தானையை விரித்துக் கண்ணயர்ந்திருந்தார்.

என்னைப் பார்த்ததும் கட்டிலிலிருந்து அவர் குரல் வந்தது. கிட்டக் குனிந்துதான் கேட்க வேண்டியிருந்தது.

"தங்கச்சி... இவ டீயக் குடிச்சே ஓட்டுறா. கூட்டிட்டுப் போயி... உக்கார வச்சு சாப்பாடு வாங்கிக் குடுங்க."

"நான் எங்கயும் போகலை" என்றார் அக்கா.

"போ. உக்காந்து சாப்பிட்டு வா. நான் எங்க போயிரப் போறேன்."

நர்ஸம்மாவும் அப்போதுதான், "இன்னைக்குப் பரவாயில்லம்மா, பேசுறாரே. போயிட்டு வாங்க" என்றார். போனோம்.

ஆஸ்பத்திரிக்கு எதிரே தெருமுனையில் ஒரு சாப்பாட்டு ஓட்டல். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். மேசை காலியாகும்வரை நின்று உட்கார்ந்தோம். இலை போட்டார்கள். அக்கா இலையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சோறு வைத்து சாம்பார் ஊற்றியதும் ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்தார். பிறகு கை நிற்கவே இல்லை. பல நாள் பட்டினி. கூட்டு, பொரியல், அப்பளம் எல்லாம் போயின. ரசத்துக்கு மறுசோறு கேட்டார். ரசம் சூடாக, மிளகு தூக்கலாக இருந்தது. கையில் வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு, அந்த வாரத்தில் முதல் தடவையாகச் சிரித்தார் என்று நினைக்கிறேன்.

"இந்த ரசம் அவுகளுக்குக் கொண்டுபோகலாமா? குடிக்க விடுவாகளா?"

"கேட்டுப் பாப்போம்க்கா."

ஒருநாளும் பொட்டலம் வாங்காத அக்கா, சப்ளையரிடம் கெஞ்சி ஒரு பாலிதீன் பையில் ரசம் வாங்கிக்கொண்டார். சூடு தாங்காமல் முந்தானையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு சாலையைக் கடந்தார். "இன்னைக்குப் பேச்சு தெளிவா இருக்குல்ல?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். மாடிப்படி ஏறும்போதே மாமியாரின் அலறல் கேட்டது. அக்கா படியில் அப்படியே நின்றார். எந்தக் குரல் என்று தெரிந்த பிறகும் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. நான்தான் தோளைப் பிடித்து ஏற்றினேன்.

விஸ்வநத்தத்தில் துஷ்டி வீட்டிலேயே அது ஆரம்பித்துவிட்டது. "எம்புள்ள உசுரு போறப்ப இவ ஓட்டல்ல உக்காந்து தின்னுக்கிட்டு இருந்தா." மாமியார் மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரியோடு ஒப்பாரியாக அதைச் சொன்னார். வந்தவர்கள் எல்லாம் கேட்டார்கள். அக்கா மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குத் தாங்கவில்லை. கூட்டம் குறைந்ததும் மாமியாருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அவுகதான் போகச் சொன்னாக ஆச்சி. நான் கூட இருந்தேன். அவுகதான் அனுப்புனாக."

அந்த அம்மா என்னை ஏறிட்டுப் பார்த்தார். அழுது அழுது வறண்ட கண்.

"அவன் ஆயிரம் சொல்லுவான் தாயி. போகச் சொன்னா போயிருவாளா?"

பெற்றவளுக்கு யார் மேலாவது கோபப்பட வேண்டியிருந்தது. கையெட்டும் தூரத்தில் அக்கா இருந்தார்.

கொஞ்ச நாளில் அக்கா வேலைக்கு வந்துவிட்டார். வேலையில் ஒரு குறையும் இல்லை. மதிய மணி அடித்தால் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு ஜன்னல் ஓரம் போய் நின்றுகொண்டு சாப்பிடுவார். "இப்படி உக்காருங்கக்கா" என்று பெண்கள் இடம் ஒதுக்குவார்கள். "இருக்கட்டும்" என்பார். அது தினமும் நடந்து பழகிப்போனதும் யாரும் கூப்பிடுவதில்லை. சனிக்கிழமைப் பேச்சை நான் எடுத்தால், "நீ போயிட்டு வா புள்ள" என்று முடித்துவிடுவார். வேறு எதைப் பற்றிப் பேசினாலும் பேசுவார். மாமியாரை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. முட்டிவலிக்குத் தைலம் வாங்கிக்கொண்டு போவார்.

எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளைக்குக் கோயம்புத்தூரில் வேலை. பத்திரிகையை அக்காவிடம் கொடுத்தேன். தடவிப் பார்த்து, அச்சு நன்றாக வந்திருக்கிறது என்றார்.

"நீங்க வரமாட்டீக. எனக்குத் தெரியும்" என்றேன்.

"நல்ல காரியத்துல நான் எதுக்கு?"

"அப்ப எங்கூட ஒருவேளை சாப்பிடணும். அது போதும் எனக்கு. மாட்டேன்னீகன்னா நான் இனிமே கேக்க மாட்டேன்."

தகரப்பட்டைகளை ஒவ்வொன்றாக அடுக்கி முடித்தார். பிறகு, "ஞாயித்துக்கெழமை வாரேன்" என்றார்.

மதியம். பழைய புரோட்டாக் கடைக்குப் போகவில்லை. விருதுநகரில் வேறொரு சைவ ஓட்டலுக்குக் கூட்டிப்போனேன். உட்கார்ந்தார். முதுகு நாற்காலியில் படாமல் நுனியில் உட்கார்ந்திருந்தார். சோறு வந்தது. நான் கல்யாணப் புடவையைப் பற்றி, மாமியார் வீட்டைப் பற்றி எதையெதையோ பேசினேன். அவர் முதலில் கொறித்தார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடத் தொடங்கினார். புளிக்குழம்பு இன்னொரு தடவை கேட்டார். பாயசத்தை இலையில் ஊற்றச் சொல்லி வழித்துச் சாப்பிட்டார். முதுகு தானாக நாற்காலியில் சாய்ந்தது. என்னுடைய அக்கா திரும்பி வந்துவிட்டார் என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

கை கழுவிவிட்டு பேருந்து நிலையத்துக்கு நடந்தோம். சிவகாசி வண்டி வரவில்லை. வெயிலுக்கு ஒரு தூணின் நிழலில் நின்றோம். திரும்பிப் பார்த்தால், தூணில் நெற்றியை வைத்துக்கொண்டு அக்கா குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில், துஷ்டி வீட்டில், எங்கேயும் அவர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

"என்னக்கா? நான் கூட்டிட்டு வந்திருக்கக் கூடாதா?"

இல்லை என்று தலையாட்டினார். முந்தானையால் முகத்தைத் துடைத்தார். மறுபடி வந்தது.

"நல்லா இருந்துச்சு புள்ள" என்றார்.

"அதுக்கா அழுவாக?"

"அன்னைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு." மூச்சு வாங்கியது அவருக்கு. "அங்கன அவுக உசுரு போயிட்டு இருந்திருக்கு. எனக்கு இங்கன ரசம் அம்புட்டு ருசியா இருந்துச்சு. ஒரு வாய், ஒரே ஒரு வாய் தொண்டையில நிக்கலையே. அத்தை கேக்குறதுக்கு நான் பதில் சொல்லிருவேன். அவுகதான் போகச் சொன்னாகன்னு சொல்லிருவேன். இதை யாருகிட்டப் போயிச் சொல்ல?"

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வண்டி வந்தது. முகத்தை நன்றாகத் துடைத்துக்கொண்டு, என் கன்னத்தை ஒருமுறை தொட்டுவிட்டு ஏறினார். பின்பக்கம் ஜன்னலோரம் இடம் காலியாகத்தான் இருந்தது. அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வண்டி நகர்ந்த பிறகு, உள்ளே யாரோ சொல்லியிருக்க வேண்டும், உட்கார்ந்தார்.